சர்டிபிகேட்டைச் சத்தமாகப் படிக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான இழை. பொறுமை இருந்தா முழுசா படிங்க. கல்லூரி ஆபீஸ் கவுண்டர்ல உட்காருறவங்க, அவங்களை அங்கே உட்கார வெச்ச நிர்வாகம், பிள்ளைங்களைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிற அப்பா அம்மா, என்னை மாதிரி மெடிக்கல் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுற டாக்டருங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன். கோபத்தோடதான் எழுதுறேன். அந்தக் கோபத்துல ஒரு பங்கு என் மேலயே.

"டாக்டரம்மா, சீட்டுல வேற ஏதாச்சும் வியாதி பேரு போட்டுக் குடுங்களேன். மஞ்சக்காமாலைன்னு போடுங்க. டைபாய்டுன்னு போடுங்க. எதுன்னாலும் பரவாயில்ல."

ஓபி முடியுற நேரத்துக்கு வந்து, பக்கத்துல யாரும் இல்லைன்னு பார்த்துட்டு, ஒரு அம்மா இப்படிக் கேட்டாங்க. திருவதிகைப் பக்கம். முந்திரிக்கொட்டை உடைச்சு உடைச்சு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். ஊரைக் கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் கமெண்ட்ல வேண்டாம்.)

பொய் சர்டிபிகேட் கேட்டு வர்றவங்க எங்களுக்குப் புதுசு இல்லை. லீவுக்கு, கேஸுக்கு, இன்ஷூரன்ஸுக்குன்னு வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. நோய் இல்லாம நோய் இருக்குன்னு எழுதச் சொல்லுவாங்க. உண்மையாவே நோய் இருந்து, மாத்திரையும் சாப்பிட்டுக்கிட்டு, அந்த நோயோட பேரை மட்டும் மாத்திக் குடுங்கன்னு ஒரு தாய் கேட்டு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

விஷயம் இதுதான். அவங்க பொண்ணு காலேஜ்ல ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல். வீட்டுல முதல் பட்டதாரி ஆகப்போறவ. கழுத்துல நெறிக்கட்டி வந்து, ஊசியில உறிஞ்சி டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பார்த்ததுல டிபின்னு வந்தது. மாத்திரை ஆரம்பிச்சோம். காய்ச்சலும் அலுப்புமா மூணு வாரம் வீட்டிலேயே இருந்தா. திரும்பிப் போனப்போ அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே. "டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வா, இல்லன்னா பரீட்சை எழுத முடியாது"ன்னு கவுண்டர்ல சொல்லி அனுப்பியிருக்காங்க. வந்தா. நானும் எழுதிக் கொடுத்தேன். நோயின் பெயர், எத்தனை நாள், எப்போதிலிருந்து வகுப்புக்கு வரலாம், கையெழுத்து, சீல். எல்லாம் சரியா எழுதினேன். அதுதான் பிரச்சினையே.

அந்தத் தாளை அவ கவுண்டர்ல நீட்டியிருக்கா. பின்னாடி வரிசை. ஃபீஸ் கட்ட, பஸ் பாஸுக்கு, போனஃபைடுக்குன்னு பத்துப் பதினைஞ்சு பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த அக்கா தாளைப் பிரிச்சு, இங்கிலீஷை எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படிச்சிருக்காங்க. படிச்சு முடிச்சதும், "டிபியா உனக்கு? ஹாஸ்டல்லயா இருக்க?"

அவ்வளவுதான் நடந்தது. அவங்க திட்டலை, கிண்டல் பண்ணலை. பயந்துட்டாங்க. பயத்துல கேட்டுட்டாங்க. ஆனா வரிசை ரெண்டடி பின்னாடி போயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள ஹாஸ்டல் முழுக்கத் தெரிஞ்சுடுச்சு. ரூம்ல இருந்த பொண்ணுங்க கட்டிலை நகர்த்திப் போட்டாங்க. தட்டு தனி, டம்ளர் தனி. ரெண்டு நாள்ல, "முழுசா சரியானப்புறம் வாம்மா"ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு எப்படியோ திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. ஆனா அதுக்குள்ள அவ மாத்திரையை நிறுத்தியிருந்தா.

ஏன் நிறுத்தினான்னு கேட்டா, உங்களுக்கு ஒரு விஷயம் தெரியணும். டிபி மாத்திரையில ரிஃபாம்பிசின்னு ஒண்ணு இருக்கு. அதைச் சாப்பிட்டா சிறுநீர் செம்மஞ்சளா போகும். அதால கெடுதல் ஒண்ணும் இல்லை. ஆனா பொதுக் கழிவறை இருக்கிற ஹாஸ்டல்ல, எல்லாரும் உன்னையே பார்த்துக்கிட்டு இருக்கிறப்போ, அது ஒரு சாட்சி. மாத்திரை அட்டை இன்னொரு சாட்சி. குப்பைத் தொட்டியில போட்டா யாராவது பார்ப்பாங்க. பதினேழு நாள் மாத்திரை சாப்பிடலை. எங்க டிபி ஹெல்த் விசிட்டர் போன் பண்ணித் துருவிக் கேட்டப்புறம்தான் அழுதுக்கிட்டே சொல்லியிருக்கா.

சாதாரண டிபிக்கு ஆறு மாசம் சிகிச்சை. முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. நடுவுல விட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் அந்த மருந்து வேலை செய்யாது. வேற மருந்து, கூடுதல் காலம், கூடுதல் பக்கவிளைவு. இவளுக்கு அந்த அளவுக்குப் போகலை, தப்பிச்சா. தப்பிக்காம போயிருந்தா, அதோட ஆரம்பம் எதுன்னு கேஸ் ஷீட்ல எங்கேயும் இருக்காது. "நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை"ன்னு ஒரு வரி இருக்கும்.

இன்னொண்ணு. இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். கழுத்து நெறிக்கட்டியில மட்டும் இருக்கிற டிபி, பக்கத்துல உட்காருறதால, சேர்ந்து சாப்பிடுறதால, ஒரே ரூம்ல தூங்குறதால பரவாது. இருமல்ல பரவுறது நுரையீரல் டிபி. அதுகூட, சரியான மருந்து ஆரம்பிச்சுச் சில வாரத்துல மத்தவங்களுக்குத் தொத்துற தன்மை வெகுவாக் குறைஞ்சுடும். இவ நுரையீரலை நாங்க எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாச்சு, சுத்தம். அவளால அந்த ஹாஸ்டல்ல ஒருத்தருக்கும் ஆபத்து இல்லை. ஆனா கவுண்டர்ல கேட்ட ரெண்டு எழுத்துக்கு அந்த விளக்கமெல்லாம் கிடையாது.

இப்போ என் பங்கு.

இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002-ஆம் வருஷ நடத்தை விதிகள்ல, நோயாளியோட ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. மூணே விலக்கு: நீதிமன்றம் கேட்டா, குறிப்பிட்ட ஒருத்தருக்கோ சமூகத்துக்கோ நிஜமான ஆபத்துன்னா, அரசுக்கு அறிவிச்சே ஆக வேண்டிய நோய்னா. மீறினா என் பதிவுக்கே ஆபத்து. அதே விதிகளோட பின்னிணைப்புல, லீவுக்கு எழுதித் தர்ற சர்டிபிகேட்டுக்கு ஒரு மாதிரிப் படிவமும் இருக்கு. அதுல 'இன்ன நோயால் பாதிக்கப்பட்டிருக்கிறார்'னு ஒரு இடம் உண்டு. வேலையில இருக்கிறவங்க லீவு போடுறதுக்கான படிவம் அது. அதை அப்படியே பத்தொன்பது வயசுப் பொண்ணுக்கு எழுதி, கையில குடுத்து, போய் வரிசையில நில்லுன்னு அனுப்பினது நான். என் வாய்க்குப் பூட்டு இருக்கு. என் கையெழுத்துப் போட்ட தாளுக்கு இல்லை. அது ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினதும் யார் வேணும்னாலும் படிக்கலாம், எவ்வளவு சத்தமா வேணும்னாலும் படிக்கலாம். பத்து வருஷமா சர்டிபிகேட் எழுதுறேன், ஒரு தடவைகூட இதை நான் யோசிச்சதில்லை.

அடுத்த வாரம் லீவு நாள்ல அந்தக் காலேஜுக்குப் போனேன். பேர் சொல்ல மாட்டேன், சொல்லவும் தேவையில்லை. கடலூர், நெய்வேலி, விருத்தாசலம், சிதம்பரம்னு எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இப்படி ஒரு கவுண்டர் இருக்கும்னுதான் நினைக்கிறேன். சண்டை போடணும்னுதான் போனேன். போட முடியலை.

அந்த அக்காவுக்கு என்னைவிட வயசு கம்மி. டிகிரி முடிச்சவங்க. காலையில எட்டரைக்கு வந்தா சாயங்காலம் அஞ்சரை. போன், விசிட்டர், ஃபீஸ் ரசீது, தபால், பிள்ளைங்களோட சர்டிபிகேட்னு எல்லாமே அவங்கதான். "ரூல்ஸ் ஏதாவது குடுத்திருக்காங்களா?"ன்னு கேட்டேன். குடுத்திருக்காங்க. டேபிள் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. புடவை எப்படிக் கட்டணும், தலை எப்படிப் பின்னணும், போனை எடுத்ததும் என்ன சொல்லணும், வர்றவங்களைப் பார்த்துச் சிரிக்கணும், செல்போன் பார்க்கக்கூடாது, சாப்பாட்டு நேரம் அரை மணி. ஒரு பக்கம் முழுக்க. அதுல பிள்ளைங்களைப் பத்தி ஒரு வரி இல்லை. பிள்ளைங்க குடுக்கிற தாளைப் பத்தி ஒரு வரி இல்லை.

"சத்தமா படிக்கக்கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலை மேடம். வியாதி பேரு இல்லன்னா உள்ள திருப்பி அனுப்பிடுவாங்க, அதான் இருக்கான்னு பார்த்தேன்"னு சொன்னாங்க. கண்ணு கலங்கிடுச்சு. அந்தப் பொண்ணு நல்லா இருக்காளான்னு அவங்களேதான் கேட்டாங்க.

இன்னொண்ணு கவனிச்சேன். கவுண்டருக்குக் கண்ணாடி. கண்ணாடியில கை நுழையுற அளவுக்குக் கீழ ஒரு ஓட்டை. உள்ளே ஃபேன் சத்தம், வெளியே வரிசை சத்தம். பிள்ளைங்க குனிஞ்சு ஓட்டைக்குள்ள பேசணும். உள்ள இருக்கிறவங்க கத்தினாத்தான் வெளியே கேட்கும். அவங்களுக்கு மெதுவா பேசணும்னு ஆசை இருந்தாலும் முடியாது. அந்த இடத்தைக் கட்டினவங்க அப்படித்தான் கட்டியிருக்காங்க. பேங்க்ல பணம் பத்திரமா இருக்கணும்னு யோசிச்சுக் கட்டுறாங்க. இங்கே எதைப் பத்திரமா வைக்கணும்னு யாரும் யோசிக்கலை.

அதனால என் சண்டை அந்த அக்காவோட இல்லை. 'வரவேற்பாளர் தேவை, பெண்கள் மட்டும், நல்ல தோற்றம்'னு விளம்பரம் குடுக்கிறவங்களோட. தோற்றத்துக்குச் சம்பளம் குடுத்துட்டு, ஆயிரம் குடும்பத்தோட ரகசியத்தை அவங்க மேஜையில கொட்டுறாங்களே, அவங்களோட. சாதிச் சான்று, வருமானச் சான்று, அப்பா இல்லாத பிள்ளையோட இறப்புச் சான்று, பிரிஞ்சு வாழுற அம்மாவோட கோர்ட் பேப்பர், மாற்றுத்திறனாளிச் சான்று, மெடிக்கல் சர்டிபிகேட். ஒரு குடும்பத்தைப் பத்தி ஊர்ல யாருக்கும் தெரியாத எல்லாமும் ஒரு கல்லூரியில அந்த ஒரு மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போகுது. பிரின்சிபாலுக்குக்கூட அவ்வளவு தெரியாது. அந்த மேஜைக்குக் குடுத்த பயிற்சி, சிரிக்கிறது எப்படின்னு.

ஏதாவது நடந்தா யார் தலை உருளும்னும் நமக்குத் தெரியும். ஜெசிந்தா சல்தானாவை ஞாபகம் இருக்கா? மங்களூர்ல பிறந்தவங்க, லண்டன்ல கிங் எட்வர்ட் மருத்துவமனையில நர்ஸ். 2012 டிசம்பர் 4 அதிகாலை. இளவரசர் வில்லியமோட மனைவி கேட், கர்ப்ப கால வாந்தியால அங்கே அட்மிட் ஆகியிருந்தாங்க. ஆஸ்திரேலிய ரேடியோ தொகுப்பாளர்கள் ரெண்டு பேர் ராணி மாதிரியும் சார்லஸ் மாதிரியும் குரலை மாத்திப் போன் பண்ணினாங்க. அந்த நேரத்துல ரிசப்ஷன்ல ஆள் இல்லை. ஜெசிந்தா போனை எடுத்து, வார்டுக்கு லைன் மாத்திக் குடுத்தாங்க. அவ்வளவுதான் அவங்க செஞ்சது. நோயாளியைப் பத்தி அவங்க வாயிலிருந்து ஒரு வார்த்தை வரலை. வார்டுல இருந்த இன்னொரு நர்ஸ் உடல்நிலையைச் சொன்னாங்க, அது ரேடியோவில ஒலிபரப்பாச்சு, உலகமே கேட்டுச் சிரிச்சது. டிசம்பர் 7-ஆம் தேதி ஜெசிந்தா உயிரோட இல்லை. வயசு 46. தற்கொலைன்னு 2014-ல விசாரணை முடிவு வந்தது. ரிசப்ஷன் தன் வேலையே இல்லாத ஒரு பெண், ஆள் இல்லாத நேரத்துல ஒரு போனை எடுத்ததுக்கு.

அதனாலதான் சொல்றேன். அந்த நாற்காலியில யாரை உட்கார வெச்சாலும், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, தெரியலன்னா யார்கிட்ட அனுப்பணும்னு எழுதிக் குடுங்க. இது அந்தப் பிள்ளைங்களுக்கான பாதுகாப்பு மட்டும் இல்லை, அந்த நாற்காலியில இருக்கிறவங்களுக்கும்தான்.

முடியாததா இது? எங்க அரசு ஆஸ்பத்திரியையே எடுத்துக்கோங்க. (உடனே, "உங்க ஓபி கவுண்டர் மட்டும் யோக்கியமா?"ன்னு கேட்பீங்க. இல்லை. ஓபி சீட்டு போடுற இடத்துல, "என்ன பண்ணுது? வெள்ளைப்படுதா?"ன்னு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்கிறதை நானே கேட்டிருக்கேன். அதுக்கு இன்னொரு இழை எழுதணும், எழுதுவேன்.) ஆனா அதே வளாகத்துல 'நம்பிக்கை மையம்'னு ஒரு போர்டு பார்த்திருப்பீங்க. எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கிற இடம். போர்டுல நோயோட பேரைப் பெருசாப் போட்டு வைக்கலை. தனி அறை, கதவைச் சாத்திட்டுத்தான் கவுன்சிலர் பேசுவாங்க. எச்ஐவிக்கு 2017-ல தனிச் சட்டமே வந்து, 2018 செப்டம்பர் 10-லிருந்து அமல்ல இருக்கு. அந்தத் தகவலைக் கையில வெச்சிருக்கிற எந்த நிறுவனமும் அதைப் பாதுகாக்கணும்னு அதுல இருக்கு. பெயின்ட் உரிஞ்ச சுவரும் உடைஞ்ச நாற்காலியுமா இருக்கிற எங்களாலேயே ஒரு அறையில இதைச் செய்ய முடியுது. ஏசி ரிசப்ஷனும் சோபாவும் போட்டிருக்கிற காலேஜால ஏன் முடியாது?

டிபிக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. மனநலத்துக்கு 2017 சட்டத்துல ரகசியம் காக்கிற கடமை இருக்கு, ஆனா அது சிகிச்சை குடுக்கிற எங்க மேல. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல ஒரு சட்டம் போட்டாங்க, அது டிஜிட்டல் தரவுக்கு. கண்ணாடி ஓட்டையில நீட்டுற தாளுக்கு எது? 2017 ஆகஸ்ட் 24-ல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. தீர்ப்பு வந்துடுச்சு, அந்த ஓட்டை வரைக்கும் இன்னும் வரலை.

மனநலம்னு சொன்னேன் இல்ல, அதையும் சொல்லிடுறேன். மனநலப் பிரிவுக்கு வர்ற காலேஜ் பிள்ளைங்க, "இந்த சீல் வேண்டாம், பொது மருத்துவர் சீல் போட்டுத் தாங்க"ன்னு கேட்கிறாங்க. தூக்கம் வரலை, பரீட்சை பயம், அதுக்குத் தைரியமா சிகிச்சைக்கு வந்த பிள்ளைங்க. வந்ததுக்கு அத்தாட்சி வாங்கப் பயப்படுறாங்க. சிலர் அட்டெண்டன்ஸுக்கு அபராதமே கட்டிட்டுப் போயிடுறாங்க. காசு இருக்கிறவங்க கட்டுறாங்க.

போன வாரம் ஒரு குரூப்ல இதைப் பேசினப்போ எதிர்ப்பு வந்தது. நியாயமான எதிர்ப்புதான், பதில் சொல்லணும்.

"தொத்து நோயை மறைக்கச் சொல்றீங்களா டாக்டர்?" இல்லை. 2012-லிருந்தே டிபி கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். தனியார் டாக்டர் பார்த்தாலும் அறிவிக்கணும். நாங்க அறிவிச்சாச்சு. கூட இருந்தவங்களுக்குப் பரிசோதனை வேணுமா, யார் யாருக்கு வேணும்னு முடிவு பண்றது எங்க வேலை. ஹாஸ்டல்ல பரிசோதனை தேவைன்னா நாங்களே நிர்வாகத்துக்கிட்ட பேசுவோம். நோயைக் கண்டுபிடிக்கிற, தடுக்கிற வேலை சுகாதாரத் துறைக்கு இருக்கு. அதை ஃபீஸ் கவுண்டர் செய்ய வேண்டாம்.

"போலி சர்டிபிகேட் குடுக்கிறாங்களே, நோய் பேரு பார்க்காம எப்படி நம்புறது?" போலி நிறைய வருது, உண்மைதான். ஆனா நோயோட பேரைப் படிச்சா போலின்னு தெரிஞ்சிடுமா? போலி எழுதுறவன் நல்ல நோயாப் பார்த்துத்தானே எழுதுவான்? ஒவ்வொரு சர்டிபிகேட்லயும் டாக்டரோட பதிவு எண் இருக்கு. யாருக்கு என்ன சர்டிபிகேட் குடுத்தோம்னு நாங்க பதிவேடு வெச்சிருக்கணும், அதுவும் விதிதான். சந்தேகம்னா ஆபீஸ்ல இருந்து ஒரு போன் போட்டு, இந்தத் தேதியில இந்தப் பேருக்குக் குடுத்தது உண்மையான்னு கேளுங்க. ஆமா, இல்லைன்னு சொல்லிடுவோம். அதுக்கு நோய் பேரு தேவையே இல்லை.

"சின்ன விஷயத்தைப் பெருசாக்குறீங்க." இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. மேல போய் அந்தப் பதினேழு நாளைத் திரும்பப் படிங்க.

நோயைப் பத்தி மட்டும் பேசினா பாதிதான் பேசின மாதிரி. இதே கவுண்டர்ல ஸ்காலர்ஷிப் சீசன்ல நின்னு பாருங்க. "எஸ்சி எஸ்டி பசங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க"ன்னு ஒரு குரல் வரும். வராண்டா முழுக்கக் கேட்கும். அதுவரைக்கும் ஒண்ணா டீ குடிச்சிட்டு இருந்த கூட்டம் ரெண்டா பிரியும். சொன்னவங்களுக்கு அது வெறும் வேலை, ஃபைலைப் பிரிச்சு வைக்கணும், அவ்வளவுதான். யுஜிசியோட 2012 சமத்துவ விதிகள்ல, வகுப்புல மாணவர்களோட சாதியை அறிவிக்கிறதையும், ரிசர்வ்டுன்னு முத்திரை குத்துறதையும் பாகுபாடுன்னு சொல்லித் தடுத்திருக்காங்க. வகுப்புல கூடாதது வராண்டாவில கூடுமா? ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு தேதியும் அறை எண்ணும் நோட்டீஸ் போர்டுல போட்டா போதும். விண்ணப்பிச்ச பிள்ளைக்குத் தன் நம்பர் தெரியும். தானே வந்துடும்.

திருவதிகைன்னு சொன்னதும் ஒரு கதை ஞாபகம் வருது. வீரட்டானேசுவரர் கோயில் ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பெரிய புராணம் சொல்ற கதை. சமய வாதத்தை விட்டுட்டு ஒரு டாக்டரா படிச்சுப் பாருங்க. பின்னாடி அப்பர்னு பேர் வாங்கப்போறவருக்குத் தாங்க முடியாத சூலை, வயித்து வலி. கூட இருந்தவங்களால தீர்க்க முடியலை. அவர் தன் கூட்டத்துல யாருக்கும் தெரியாம ராத்திரியோட ராத்திரியா கிளம்பி, கடலூர்ப் பக்கத்துல இருந்து திருவதிகையில இருக்கிற அக்கா திலகவதியார்கிட்ட வர்றார். மத்தவங்க என்ன சொல்லுவாங்களோன்னு ஒளிஞ்சு வந்த நோயாளி. அவர் விட்டுட்டுப் போன கோபம் அக்காவுக்கு எவ்வளவோ இருந்திருக்கும். வாசல்ல நிறுத்தி விசாரணை நடத்தலை, அக்கம்பக்கத்தைக் கூப்பிடலை. திருநீறு குடுத்து, விடியுறதுக்கு முன்னாடியே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறார். எங்க ஓபிக்கு இன்னைக்கும் அப்படித்தான் வர்றாங்க. கூட்டம் குறைஞ்சப்புறம், முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு.

சரி, என்ன செய்யலாம்?

நான் இப்போ ரெண்டு தாள் எழுதுறேன். ஒண்ணு கவுண்டருக்கு: இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என் சிகிச்சையில் இருந்தார், இந்தத் தேதியிலிருந்து வகுப்புக்கு வரலாம், விவரங்கள் மூடிய உறையில் முதல்வருக்கு. இன்னொண்ணு முழு விவரத்தோட, கவர்ல ஒட்டி, மேல 'முதல்வர் பார்வைக்கு மட்டும்'னு எழுதி, ஒட்டின இடத்துல சீல். ஜூன், ஜூலையில பாதி ஓபி பச்சை மைக் கையெழுத்துக்கும் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டுக்குமே போயிடுது, அந்தக் கூட்டத்துல இது ரெண்டு நிமிஷம் கூடுதல் வேலைதான். செய்யுறேன். மத்த டாக்டருங்களும் செய்யுங்க. கவர் ஆஸ்பத்திரியில குடுக்க மாட்டாங்க, நான் கடையில வாங்கி வெச்சிருக்கேன்.

பெற்றோர், பிள்ளைங்க: உங்க டாக்டர்கிட்ட இப்படிக் கேளுங்க, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. கவுண்டர்ல பிரிச்சுப் பார்க்கக் கேட்டா, "பிரின்சிபால்கிட்ட குடுக்கச் சொன்னாங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. சண்டை வேண்டாம். அவங்களும் சம்பளத்துக்கு இருக்கிறவங்கதான்.

கவுண்டர்ல இருக்கிறவங்க: உங்க மேஜைக்கு வர்ற தாளை மனசுக்குள்ள படிங்க. சந்தேகம்னா எழுந்து உள்ளே போய்க் கேளுங்க. "என்ன வியாதி?"ன்னு வாயால கேட்காதீங்க. இவ்வளவுதான் கேட்கிறேன். சிரிக்காட்டியும் பரவாயில்லை.

நிர்வாகம்: அந்த ஒரு பக்க விதியில, புடவைக்கு மேல ஒரு இடம் ஒதுக்கி, மாணவரோட தாள்ல இருக்கிற எதையும் அடுத்தவர் காதுல விழற மாதிரி சொல்லக்கூடாதுன்னு ஒரு வரி சேருங்க. உறையில வர்ற சர்டிபிகேட்டைத் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு இன்னொரு வரி. கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு மேஜையும் எதிர்ல ஒரு நாற்காலியும் போடுங்க, குரல் தானா இறங்கும். முடியலன்னா பக்கத்துல ஒரு ஸ்டோர் ரூம் இருக்கும், அதைக் காலி பண்ணுங்க.

அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. மாத்திரையை முழுசா முடிச்சுட்டா, விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து. ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போக மாட்டேன்னுட்டா. தினமும் வீட்டுல இருந்து பஸ்ல போய்ட்டு வர்றா, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மஞ்சக்காமாலைன்னு நான் எழுதிக் குடுக்கலை. குடுத்திருந்தா அவளுக்கு நல்லா இருந்திருக்கும்னு அந்த அம்மா இன்னும் நினைக்கிறாங்கன்னு தெரியும்.

அந்த ரெண்டு தாளோட மாதிரியைப் பேரெல்லாம் எடுத்துட்டுக் கீழ முதல் கமெண்ட்ல போட்டிருக்கேன். டாக்டருங்க எடுத்துக்கோங்க, என் பேர் போட வேண்டியதில்லை. எந்தக் காலேஜ் ஆபீஸாவது கவுண்டருக்கு விதி எழுதணும்னா மெசேஜ்ல வாங்க. ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல டூட்டி இல்லைன்னா வந்து உட்கார்ந்து எழுதித் தர்றேன்.